பாரம்பரிய நெல்லுக்குத் தனி விதைப்பாத்தி: 5 சென்டில் தொடங்கலாம்

அறுவடை முடிந்து களத்தில் குவிந்த நெல்லில் பளிச்சென்று தெரியும் பகுதியை அள்ளி மூட்டை கட்டினால் விதை ஆயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். மூன்று நான்கு போகம் போனதும் மாப்பிள்ளைச் சம்பா வயலில் குட்டையும் நெட்டையுமாகப் பயிர் நிற்கும். பூப்பு முன்னும் பின்னுமாக வரும். குத்திப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் கலந்த அரிசி. "ரகம் கெட்டுப்போச்சு" என்று வேறு ஊருக்கு விதை தேடிப் போவார்கள்.

ரகம் தானாகக் கெடுவதில்லை, நாம் கலக்க விடுகிறோம். குவியலில் கிடக்கும் ஒரு மணியைப் பார்த்து அதன் தாய்ப்பயிர் எவ்வளவு உயரம், என்றைக்குப் பூத்தது, நோய் தாங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. பயிர் வயலில் நிற்கும்போதுதான் அது தெரியும். அதனால் விதைக்கென்று தனிப் பாத்தி வேண்டும். 5 சென்ட் போதும். ஏக்கருக்கு 1200 கிலோ கண்டுமுதல் என்று கணக்கிட்டாலும் 5 சென்டில் 60 கிலோ வரும். வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ விதை பிடிக்கும் என்பதால் இரண்டு ஏக்கருக்கான விதை இந்தச் சிறு பாத்தியிலேயே கிடைத்துவிடும்.

எந்த ரகம், எந்தப் பட்டம்

முதல் ஆண்டில் ஒரே ரகம் எடுங்கள். பத்து ரகத்தைப் பத்துத் துண்டுகளில் போட்டுவிட்டு, எது எது என்று தெரியாமல் நிற்பதுதான் ஆர்வத்தோடு வருபவர்களுக்கு நேரும் முதல் இழப்பு.

நிலத்தையும் தண்ணீரையும் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். கடலோர உப்பு நிலத்துக்குக் குழியடிச்சான் உண்டு. தண்ணீர் தேங்கும் பள்ளக்காலுக்குக் காட்டுயானம். ஆனால் ஏறத்தாழ 180 நாள் நிற்கும், ஆள் உயரத்தைத் தாண்டும். கிச்சிலிச் சம்பா 135 முதல் 140 நாள், மாப்பிள்ளைச் சம்பா 155 முதல் 160 நாள். குறுகிய காலத்துக்குப் பூங்கார்.

இந்த நாள் கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். நீண்ட காலச் சம்பா ரகங்கள் பலவும் பகல் பொழுது குறைவதை உணர்ந்துதான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் கதிர் வருவதில் பெரிய இடைவெளி இருக்காது; பிந்தி விதைத்ததற்கு வயது குறைந்ததுபோல் தெரியும். அதே ரகத்தைத் தை மாதம் நவரைப் பட்டத்தில் விதைத்தால் பகல் நீண்டுகொண்டே போவதால் கதிர் வராமல் தழையாகவே நிற்கும். விதைக் கோளாறு என்று நினைத்து நல்ல விதையைக் கைவிட்டுவிடாதீர்கள். விதைப் பயிருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: கதிர் முற்றுவது வடகிழக்குப் பருவமழையில் சிக்கக் கூடாது. 155 நாள் ரகத்தை ஆவணி தொடக்கத்தில் விதைத்தால் அறுவடை தை மாதத்துக்குப் போகும், வெயிலும் கிடைக்கும்.

விதை எங்கே கிடைக்கும்? திருத்துறைப்பூண்டியில் நடந்துவரும் நெல் திருவிழாவில், 2 கிலோ விதை வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற வழக்கத்தை, பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த நெல் ஜெயராமன் ஏற்படுத்தினார். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகு, அவர் பெயரிலேயே பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கம் ஒன்றைத் தமிழக அரசு தொடங்கியது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இந்த ரகங்கள் மானிய விலையில் கிடைக்கிறதா என்று பட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். யாரிடம் வாங்கினாலும் 100 மணியைக் கையால் உரித்து அரிசியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பரிசி ரகத்தில் ஐந்தாறு வெள்ளை இருந்தால் ஏற்கெனவே கலந்த விதை. வேறு வழியில்லை என்றால் அதையே எடுக்கலாம், ஆனால் முதல் ஆண்டு முழுவதும் கலவன் (கலந்துவிட்ட வேறு ரகச் செடி) எடுக்கும் வேலையாகவே இருக்கும்.

கலப்பு எங்கிருந்து வருகிறது

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். காலை 9 மணிக்கு மேல் பூ விரிந்து சிறிது நேரத்தில் மூடிக்கொள்ளும். வேறு பயிரின் மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் விதைச் சான்று விதிகள் நெல்லுக்கு 3 மீட்டர் இடைவெளி போதும் என்கின்றன. பக்கத்து வயலைப் பார்த்து அஞ்சுவதைவிட உங்கள் மண்ணுக்குள் கிடக்கும் போன போகத்து நெல்லைப் பார்த்து அஞ்சுங்கள். உதிர்ந்து முளைப்பதும், அறுவடை இயந்திரத்துக்குள் தங்கி வருவதும், சாக்கு மூலைகளில் ஒட்டிக் கிடப்பதும்தான் கலப்புக்கு முக்கியக் காரணங்கள்.

போன போகத்தில் நெல் இல்லாத துண்டு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நடவுக்கு இரண்டு மாதம் முன்பே தண்ணீர் விட்டு, உதிரி நெல்லை முளைக்க வைத்து, மடக்கி உழுங்கள். பிறகு 5 சென்டுக்கு 1 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, 45 நாளில் பூக்கத் தொடங்கியதும் மடக்கி உழுதால் உரமும் ஆயிற்று, இடையில் முளைத்த நெல்லும் மடிந்தது. தண்ணீர் வரும் மடைவாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். மேல் வயலில் உதிர்ந்த நெல் தண்ணீரோடு மிதந்து வரும். அதைப் பலரும் கவனிப்பதில்லை.

விதைநேர்த்தியும் நாற்றும்

5 சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒரு நாற்று வைத்தால் 3200 நாற்று வேண்டும். அதற்கு 80 கிராம் விதையே போதும். சேதாரத்தையும் தள்ளுபடியையும் சேர்த்து 250 கிராம் எடுங்கள்.

2 லிட்டர் தண்ணீரில் சுமார் 300 கிராம் கல் உப்பைக் கரைத்து ஒரு புது முட்டையை இடுங்கள். முட்டை மிதந்து, அதன் ஓடு ஒரு சிறு நாணயம் அளவுக்கு மேலே தெரியும்வரை உப்பைக் கூட்டுங்கள். பிறகு முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டிக் கிளறுங்கள். மீசையுள்ள (மணியின் நுனியில் நீண்ட முள் உள்ள) ரகங்களில் காற்றுக் குமிழ் ஒட்டி நல்ல மணியும் மிதக்கும், அதனால் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டுத்தான் மிதப்பதை அள்ள வேண்டும். மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

அலசிய விதையைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியா) கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, முளை கட்டுவதற்காக ஈரச் சாக்கில் சுற்றி ஒரு நாள் மூட்டம் போடுங்கள். குலை நோயும் பழுப்புப் புள்ளி நோயும் விதை வழியாகவும் வரும். இயற்கை விவசாயத்தில் பிறகு அடக்குவது கடினம் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

நாற்றங்காலை வயலில் போடாமல் வீட்டுக் கொல்லையில், நெல்லே விளையாத மண்ணில், 4 சதுர மீட்டர் மேட்டுப்பாத்தியாகப் போடுவது உத்தமம். 15 முதல் 18 நாள் நாற்றைப் பறித்து ஒற்றை நாற்றாக நடுங்கள். ஒரு குத்து ஒரு செடி என்றிருந்தால்தான் கலவனை அடையாளம் காண முடியும்; மூன்று நாற்றைச் சேர்த்து வைத்தால் நடுவில் ஒளிந்திருக்கும் கலவன் அறுவடை வரை தப்பிவிடும். எட்டு அடிக்கு ஓர் அடி நடைவழி விடுங்கள், நடந்து போய்ப் பார்க்க வசதி. நாற்று செத்து இடைவெளி விழுந்தால் பக்கத்து வயல் நாற்றைக் கடன் வாங்கி நிரப்பாதீர்கள். காலியாகவே கிடக்கட்டும்.

அடியுரமாக 250 கிலோ மக்கிய தொழுவுரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 லிட்டர் ஜீவாமிர்தம் (சாணமும் கோமியமும் சேர்த்துப் புளிக்க வைத்த கரைசல்) பாசனத்தோடு. இதற்கு மேல் ஊட்டம் வேண்டாம். நெட்டை ரகங்களுக்குத் தழைச்சத்து கூடினால் கதிர் முற்றும் முன்பே பயிர் சாய்ந்து, மணி தண்ணீரில் கிடந்து முளைக்கும். தக்கைப்பூண்டு மடக்கிய நிலமாக இருந்தால் தொழுவுரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நட்ட 12 ஆம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற களையெடுக்கும் உருளைக் கருவியை ஓட்டுங்கள்.

கலவன் எடுத்தல்

முழு வேலையின் உயிரும் இதில்தான் இருக்கிறது. நான்கு முறை பாத்திக்குள் இறங்க வேண்டும். காலையில், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தால் நிற வேறுபாடு நன்றாகத் தெரியும்.

முதல் முறை தூர் கட்டும் பருவம். குனிந்து அடித்தூரின் நிறத்தைப் பாருங்கள்: பச்சையா, ஊதா படிந்திருக்கிறதா? வரிசை விட்டு நிற்கும் செடி தென்பட்டால் யோசிக்காமல் பிடுங்குங்கள், அது போன போகத்து உதிரி நெல்லாகத்தான் இருக்கும்.

இரண்டாம் முறை கதிர் வெளிவரும் நேரம். முக்கியமான சுற்று இது. பாத்தியில் பாதிக்கு மேல் பூத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே பூத்துவிட்டதும், ஒரு வாரம் கழித்தும் கதிர் வெளிவராமல் பொதியிலேயே நிற்பதும் கலவனாக இருக்க வாய்ப்பு அதிகம். உயரம், கண்ணாடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை) நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா, மீசை உண்டா, கதிர் பூப்பந்துபோல் அடர்த்தியா கலைந்ததா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிடுங்கும்போது கதிரை மட்டும் ஒடிக்காதீர்கள். அடியோடு எடுத்துப் பாத்திக்கு வெளியே கொண்டுபோங்கள். இல்லையென்றால் அடித்தூரில் பக்கக் கதிர் மீண்டும் வரும்.

மூன்றாம் முறை மணி முற்றத் தொடங்கும் செங்காய்ப் பருவம். இப்போது உமியின் நிறம் தெரியும். வைக்கோல் நிறமா, பொன்னிறமா, கறுப்புக் கோடா என்று பார்க்கலாம். நெற்பழம் (மணி பொடி உருண்டையாக மாறும் பூஞ்சை நோய்) பிடித்த கதிர்களையும் பை போட்டு மூடி அகற்றுங்கள். திறந்தபடி எடுத்தால் பொடி பறந்து மற்றவற்றிலும் படியும். கடைசி முறை அறுவடைக்கு முந்தைய நாள். சந்தேகமான செடியில் நாலு மணி உரித்து அரிசியைப் பாருங்கள். ஆதார விதைக்கான (சான்று விதை பெருக்குவதற்கு மூலமாக எடுக்கும் விதை) சான்று விதி பத்தாயிரம் செடிக்கு 5 கலவன் வரைதான் அனுமதிக்கிறது. உங்கள் 3200 செடியில் அது ஒன்றோ இரண்டோதான். 5 சென்டில் இந்தத் தூய்மை எட்டக்கூடியதுதான். 2 ஏக்கரில் தனி ஆளாக முடியாது.

எதை விட்டுவைப்பது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பாரம்பரிய ரகம் என்பது அச்சில் வார்த்த ஒரே செடியின் நகல்கள் அல்ல. இரண்டு நாள் முன்பின் பூப்பதும், ஒரு சாண் உயரம் கூடக்குறைய இருப்பதும் அதன் இயல்பு. வெள்ளம் வரும் ஆண்டில் சில செடிகளும், வறட்சி வரும் ஆண்டில் வேறு சில செடிகளும் தாக்குப்பிடிப்பதற்கு அந்த வேறுபாடுதான் காரணம். "ஒரே சீராக இருக்கணும்" என்று ஆசைப்பட்டு மிக உயர்ந்த, மிகப் பருத்த பத்துக் கதிரிலிருந்து மட்டும் விதை எடுத்தால், பல தலைமுறை உழவர்கள் சேர்த்து வைத்த வளத்தை ஒரே போகத்தில் நாமே சுருக்கிவிடுகிறோம். ஒற்றைச் செடித் தேர்வுக்கும் பயன் உண்டுதான்: 1921 இல் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஜி.இ.பி. 24 என்ற நெல் ரகம் அப்படிப் பிறந்ததே, பின்னாளில் பல ரகங்களுக்குத் தாயானது. ஆனால் அது புது ரகம் உருவாக்கும் வேலை. பாதுகாக்கும் நம் வேலை வேறு.

எனவே, நிறம், மீசை, அரிசி போன்ற அடையாளப் பண்பில் மாறுபட்டதை அகற்றுங்கள். அளவில் சற்றே மாறுபட்டதை விட்டுவையுங்கள். ஓரத்து இரண்டு வரிசையை ஒதுக்கிவிட்டு, பாத்தி முழுதும் பரவலாக 200 செடிகளைத் தேர்ந்து வண்ண நூல் கட்டுங்கள். நோயில்லாத, சாயாத, நடுத்தரமாகவோ நன்றாகவோ தூர் கட்டியவை. அறுவடைக்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு முழுக் கதிரை மட்டும் கொய்யுங்கள். 200 கதிரில் அரைக் கிலோவுக்கு மேல் விதை தேறும். அது அடுத்த ஆண்டு விதைப்பாத்திக்கு. மீதிப் பாத்தி நெல் பெருவயலுக்கு.

கலப்பு மிகுந்துவிட்ட ரகத்தை மீட்க வேண்டுமானால் அந்த 200 கதிரைச் சேர்க்காமல், கதிருக்கு ஒரு வரிசையாக 20 நாற்று நடுங்கள். ஏறத்தாழ 6 சென்ட் பிடிக்கும். ஒரு வரிசைக்குள் ஒரு செடி மாறினாலும் அந்த வரிசை முழுவதையும் நீக்கிவிட்டு, நல்ல வரிசைகளை ஒன்றாகக் கலந்து எடுங்கள்.

பால் பிடிக்கும்போது

இயற்கை வயலில் விதைத் தரத்தைக் கெடுப்பதில் கதிர் நாவாய்ப்பூச்சிக்கு முதலிடம். பால் பிடிக்கும் மணியில் உறிஞ்சிப் பதராக்கும். வயலில் இறங்கினாலே அதன் நாற்றம் தெரியும். வரப்புப் புல்லைப் பூப்பதற்கு முன்பே அறுத்துவிடுங்கள், அதில்தான் தங்கியிருக்கும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை, அதாவது 10 லிட்டருக்கு அரைக் கிலோ இடித்த பருப்பை ஓர் இரவு ஊற வைத்து வடித்ததை, மாலையில் தெளியுங்கள். காலையில் பூ விரியும் நேரத்தில் எதையும் தெளிக்கக் கூடாது.

அறுவடையும் காய்ச்சலும்

பாதிக்கு மேல் பூத்த நாளிலிருந்து 28 முதல் 30 நாளில், கதிரில் 80 முதல் 90 சதவீத மணி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் கையால் அறுங்கள். இயந்திரத்தை விதைப்பாத்திக்குள் விட வேண்டாம். முந்தைய வயலின் நெல் அதன் வயிற்றில் கிலோக் கணக்கில் இருக்கும். சுத்தம் செய்த களத்தில் புதுத் தார்ப்பாய் விரித்து, தாள்களைக் கட்டையில் அடித்து உதிருங்கள். முதல் இரண்டு மூன்று அடியில் உதிர்வதே முற்றிய மணி, அதை மட்டும் விதைக்கு எடுத்து மீதியை உணவுக்கு விடலாம்.

அறுக்கும்போது நெல்லில் சுமார் 20 சதவீத ஈரம் இருக்கும். அதை 12 அல்லது 13க்குக் கொண்டுவர வேண்டும். காலை 8 முதல் 12 வரை, மாலை 3 முதல் 5 வரை மட்டும் காய வையுங்கள். உச்சி வெயிலில் சிமென்ட் தளத்தில் பரப்பினால் மேல்தோல் வேகமாகக் காய்ந்து உள்ளே அரிசி வெடிக்கும், கருவும் சூட்டில் சாகும். ஈரமானி இல்லையென்றால் கடித்துப் பாருங்கள், "கடுக்" என்று ஒடிய வேண்டும். இன்னொரு சோதனை: நன்கு காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பாகம் உலர்ந்த தூள் உப்பும் அதே அளவு நெல்லும் போட்டுக் குலுக்கி, 15 நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல்.

சேமிப்பு

விதையில் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். சாக்கு, குதிர், மண்பானை எதுவானாலும் அதன் பிறகுதான். காற்றுப் புகாத டப்பாவில் போடுவதுதான் நல்லது என்று புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். 13 சதவீத ஈரமுள்ள நெல்லை அப்படி அடைத்தால் உள்ளேயே வெதும்பிச் செத்துவிடும். அடைத்து வைக்க 8 சதவீதத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். எளிய வழி, மூச்சுவிடும் சணல் சாக்கு. பழைய சாக்கைத் தையல் ஓரம்வரை உள்வெளியாகத் திருப்பி உதறி, கொதிநீரில் முக்கி, வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள்.

கிலோவுக்கு 10 கிராம் வசம்புப் பொடி கலந்து, இடையிடையே உலர்ந்த நொச்சி இலை போடுங்கள். அந்துப்பூச்சி வயலிலேயே முட்டையிட்டு வரும் என்பதால் மாதம் ஒருமுறை கை விட்டுப் பாருங்கள். உமியில் சின்ன வட்டத் துளையோ சூடோ தெரிந்தால் அன்றே காலை வெயிலில் பரப்ப வேண்டும். மூட்டையைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி மரப்பலகை மேல் வையுங்கள். நெல் அவிக்கும் கொட்டகையிலும் யூரியா மூட்டை அருகிலும் வைக்கக் கூடாது. 200 கதிர் விதையைத் தனிப் பானையில், தனி இடத்தில் வையுங்கள்.

விதைப்பதற்கு மூன்று வாரம் முன் 100 மணி வீதம் நான்கு ஈரத் துணிச் சுருளில் வைத்து, 14 ஆம் நாள் எண்ணுங்கள். வேரும் குருத்தும் சரியாக வந்தவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். சராசரி நூற்றுக்கு 80க்கு மேல் இருந்தால் நல்லது. 60 என்றால் 25 கிலோவுக்குப் பதில் 33 கிலோ விதையுங்கள். அறுவடை முடிந்த உடனே சோதித்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்: பாரம்பரிய ரகங்கள் பலவற்றுக்கும் சில வார விதையுறக்கம் உண்டு, நல்ல விதையும் அப்போது முளைக்காது.

காய்கறி விதை எடுப்பவர்களுக்கு

நெல்லின் 3 மீட்டரை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஆதார விதைக்கு வேறு ரகத்திலிருந்து தக்காளிக்கு 50 மீட்டர், கத்தரிக்கு 200, மிளகாய்க்கும் வெண்டைக்கும் 400, பூசணி, சுரை, பீர்க்குக்கு 1000 மீட்டர். பக்கத்து வீட்டுக் கொல்லையில் வேறு சுரை படர்ந்திருந்தால் தேனீயைத் தடுக்க முடியாது. பூசணியில் மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முதல் நாள் மாலையே நூலால் கட்டி, காலையில் கையால் மகரந்தம் தொட்டு, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுங்கள். காம்பில் அடையாள நூல் மறக்க வேண்டாம்.

கொடுப்பதும் குறிப்பதும்

2001 ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாப்புப் பதிவு பெற்ற ரகத்தை வணிகப் பெயர் அச்சிட்டு விற்பதற்கு மட்டும் தடை. ஆக, தயங்காமல் கொடுங்கள். குறைந்தது இரண்டு பேரிடம், வேறு மண்ணும் வேறு பாசனமும் உள்ள ஊர்களில் உங்கள் விதை இருக்கட்டும். உங்கள் வயல் வெள்ளத்தில் போனாலும் திரும்பக் கிடைக்கும். ஒரு ஆண்டுக்கான விதையை எப்போதும் கையிருப்பில் வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுக்க வேண்டும். புதிதாக எடுத்த விதை முளைத்து நாற்றாவதற்கு முன் பழையதை உணவுக்கு அனுப்பாதீர்கள்.

ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ரகத்தின் பெயர், கொடுத்தவர் ஊரில் அதைச் சொல்லும் பெயர், விதைத்த நாள், பாதிக்கு மேல் பூத்த நாள், அறுத்த நாள், உயரம், உமி நிறம், அரிசி நிறம், மீசை உண்டா இல்லையா, முளைப்புச் சதவீதம், எத்தனை கதிரிலிருந்து எடுத்தது. பேனா மை ஈரத்தில் அழியும், பென்சிலால் எழுதுங்கள்.